வக்கீலம்மா பதில்கள்: "குடிச்சிருந்தான், அதனாலதான்..."

இந்த மாதக் கடிதக் கட்டைப் பிரித்தேன். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், வாடகை பாக்கி என்று வழக்கமாக வருவதெல்லாம் இருந்தது. நடுவில் ஒரு கொத்துக் கடிதங்களில் மட்டும் ஒரே சங்கதி: குடி. குடித்துவிட்டுச் செய்ததற்குச் சட்டத்தில் சலுகை உண்டா என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். இந்த முறை அவர்களுக்கு மட்டும் பதில். பாகப்பிரிவினைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் உங்கள் முறை.

கோயில் கொடையில் என் தம்பி (26 வயது) அளவு மீறிக் குடித்துவிட்டான். கரகாட்டம் பார்க்க முன்வரிசையில் யார் உட்காருவது என்று கூட்டாளியோடு பேச்சு முற்றி, பக்கத்து இளநீர்க் கடையில் கிடந்த அரிவாளை எடுத்து ஒரு வெட்டு வெட்டிவிட்டான். அந்தப் பையன் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். தம்பிக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. "போதையில் இருந்தான் என்று காட்டினால் போதும், 302 நிற்காது" என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். உண்மையா வக்கீலம்மா?
— ஓர் அக்கா, தூத்துக்குடி மாவட்டம்

இல்லை அம்மா. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நம்பிக்கையில் நீங்கள் ஆறு மாதம் கழித்துவிட்டால் அது இன்னும் பெரிய வருத்தம்.

302 என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான பிரிவு. அந்த எண்ணை நாங்களே கோர்ட் வராந்தாவில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 103. குடிபோதை பற்றிய பழைய 85, 86 பிரிவுகள் இப்போது 23, 24. எண்தான் மாறியது, சரக்கு அதேதான்.

அந்தச் சரக்கு என்ன? ஒருவருக்குத் தெரியாமலோ, அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப் பொருள் கொடுக்கப்பட்டு, தான் என்ன செய்கிறோம், அது தப்பு என்றுகூடத் தெரியாத நிலையில் அவர் ஒன்றைச் செய்தால் அது குற்றமில்லை. தானே குடித்தவனுக்கு அந்த விலக்கு கிடையாது. அவன் குடிக்காமல் இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கழுத்தில் அரிவாள் விழுந்தால் ஆள் சாவான் என்பது தெளிவாக இருக்கிறவனுக்குத் தெரியும். ஆகவே உங்கள் தம்பிக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வந்தது. பஞ்சாபில் ஒரு கிராமம், 1954 மார்ச். கல்யாண வீடு, மத்தியானச் சாப்பாடு. ராணுவத்தில் ஜமேதாராக இருந்து ஓய்வு பெற்ற பாஸ்தேவ் நன்றாகக் குடித்துவிட்டு வருகிறார். பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனிடம், கொஞ்சம் தள்ளிக்கொள், நான் வசதியாக உட்கார வேண்டும் என்கிறார். பையன் நகரவில்லை. துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். பையன் இறந்துவிட்டான். உட்காருகிற இடத்துக்காக!

முன்பகை கிடையாது, திட்டம் கிடையாது. அவர் மிதமிஞ்சிய போதையில் இருந்தார் என்பதை செஷன்ஸ் நீதிபதியே ஏற்றுக்கொண்டார். அதனால் தூக்குக்குப் பதிலாக ஆயுள் தண்டனை. சுப்ரீம் கோர்ட் வரை போன கேள்வி ஒன்றே ஒன்றுதான்: போதையைக் கணக்கில் எடுத்தால் இது கொலையா, அல்லது கொலையாகாத மரணம் விளைவித்தலா? 1956 ஏப்ரலில் தீர்ப்பு எழுதியவர் நம் மெட்ராஸ் ஐகோர்ட்டிலிருந்து போன நீதிபதி சந்திரசேகர ஐயர். கொலைதான் என்றார்.

அவர் பார்த்த விதம்தான் இன்றைக்கும் எங்களுக்குப் பாடம். எத்தனை கிளாஸ் உள்ளே போனது என்று அவர் எண்ணவில்லை. அந்த ஆள் சிலசமயம் தள்ளாடினார், உளறினார், சரி. ஆனால் கல்யாண வீட்டு வாசலுக்குத் தானே நடந்து வந்தார். தனக்கு எந்த இடம் வசதி என்று தானே தேர்ந்தெடுத்தார். சுட்ட பிறகு ஓடப் பார்த்தார். பிடித்ததும், நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்றார். இவ்வளவும் செய்ய முடிந்தவருக்கு நோக்கம் மட்டும் உருவாகாமல் போயிருக்குமா? உட்கார இடம் கேட்டதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இனி உங்கள் தம்பிக்கு வருகிறேன். "ஞாபகம் இல்லை" என்பதை நானும் நம்புகிறேன். வேகமாக, நிறையக் குடித்தால் மூளை நடப்பதைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். ஆனால் பதிவு நின்றுபோனவன் நடப்பான், பேசுவான், வண்டி ஓட்டுவான், சண்டையும் போடுவான். இன்றைக்கு அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கோர்ட் கேட்காது. அன்றைக்கு அந்த நிமிஷத்தில் அவனுக்கு என்ன புரிந்தது என்றுதான் கேட்கும். மறதியைக் காட்டி இதுவரை எந்த செஷன்ஸ் கோர்ட்டிலும் நான் ஜெயித்ததில்லை.

ஒரு தடவை முயற்சி செய்தேன். தொழிலுக்கு வந்து ஐந்தாறு வருஷம், துணிச்சல் அதிகம். என் கட்சிக்காரன் நினைவே இல்லாத போதையில் இருந்தான் என்று சாட்சிகளை மாற்றி மாற்றிக் குறுக்கு விசாரணை செய்து ஒப்புக்கொள்ள வைத்தேன். மூன்று பேர் "ஆமாம், தள்ளாடினான்" என்றார்கள். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் அரசு வக்கீல் எழுந்தார். "சம்பவத்துக்குப் பிறகு அரிவாளை பம்புசெட்டில் கழுவி வைக்கோல் படப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். நினைவே இல்லாதவருக்குக் கழுவ வேண்டும் என்று மட்டும் எப்படித் தோன்றியது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பதில் இல்லை. ஆயுள். மத்தியானம் என் சீனியர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "போதையை விட்டுட்டு வெட்டைப் பத்திப் பேசியிருக்கணும்மா" என்றார்.

அவர் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். திட்டம் போடாமல், திடீரென்று மூண்ட சண்டையில், ஆத்திரத்தில், அனுகூலத்தைத் தகாத முறையில் பயன்படுத்தாமல், கொடூரமாக நடக்காமல் ஓர் உயிர் போயிருந்தால் அது கொலை என்ற வகையிலிருந்து விலக்கு பெறும். பழைய 300இல் நாலாவது விதிவிலக்கு. இப்போது 101இல் இருக்கிறது. தம்பி அரிவாளை வீட்டிலிருந்து கொண்டு வரவில்லை, பக்கத்தில் கிடந்ததை எடுத்திருக்கிறான். ஒரு வெட்டு. முன்பகை இல்லை. உங்கள் வக்கீல் பிடிக்க வேண்டிய கொம்பு இது. ஆனால் இதிலும் ஒரு முள் உண்டு: இறந்தவர் கையில் ஒன்றும் இல்லையென்றால், வெறுங்கையோடு நின்றவனை அரிவாளால் வெட்டியது தகாத அனுகூலம் என்று அரசுத் தரப்பு சொல்லும். விதிவிலக்கு கிடைத்தால் 105ஆவது பிரிவு. நோக்கத்தோடு செய்தது என்றால் ஆயுள் அல்லது ஐந்து முதல் பத்து ஆண்டு. தெரிந்தும் செய்தது என்ற அளவில் நின்றால் அதிகபட்சம் பத்தாண்டு. வீட்டுக்குத் திரும்பி வருகிற வயது மாறும்.

இன்னொன்று. "குடித்திருந்ததால் வெட்டிவிட்டேன்" என்பதை வாதமாக வைத்தால் வெட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிறது. அப்புறம் ஆள் மாறாட்டம், நான் அங்கே இல்லை என்ற பேச்சுக்கெல்லாம் இடமில்லை. விதிவிலக்கைக் கேட்பவர்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும். சொந்தக்காரர் இதையும் சேர்த்துச் சொன்னாரா?

எனக்கு குடிப்பழக்கம் கிடையாது. நண்பன் கல்யாணத்தில் குளிர்பானத்தில் எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு மண்டபத்துக் கண்ணாடியை உடைத்ததாக வழக்கு. எனக்கு விலக்கு கிடைக்குமா?
— ஒரு வாசகர், ஈரோடு

கலந்தது உங்களுக்குத் தெரியாது என்று காட்ட முடிந்தால், அதோடு தன்நிலை மறந்து இருந்தீர்கள் என்றும் காட்ட முடிந்தால், 23ஆவது பிரிவு உங்களுக்காகத்தான் எழுதப்பட்டது. இரண்டும் வேண்டும் தம்பி, ஒன்று போதாது. கலந்தவன் சாட்சிக் கூண்டில் ஏறி "நான்தான் கலந்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு நல்ல நண்பர்கள் உங்களுக்கு இருக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது.

"நண்பர்கள் வற்புறுத்தினார்கள், மரியாதைக்கு வாங்கிக் குடித்தேன்" என்பது வேறு கதை. மத்தியப் பிரதேசத்தில் ஒருவர், வலி தாங்காமல் அப்பா சொன்னதால்தான் குடித்தேன் என்று வாதாடிப் பார்த்தார். அப்பா சொன்னாலும் குடித்தது உன் விருப்பத்தில்தானே என்று கோர்ட் சொல்லிவிட்டது. வற்புறுத்தல் வேறு, பலவந்தம் வேறு.

சட்டக் கல்லூரி இறுதி ஆண்டு மாணவன். 86ஆவது பிரிவின் முதல் பாதியில் "அறிவு அல்லது நோக்கம்" என்று இருக்கிறது. இரண்டாம் பாதியில் "அறிவு" மட்டும்தான். நோக்கம் எங்கே போனது மேடம்?
— ஒரு மாணவர், திருச்சி

சபாஷ். இந்தக் கேள்வியைக் கேட்காமலே பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர், நானும் அதில் சேர்த்தி.

எழுத மறந்ததில்லை, விட்டதுதான் என்றே நீதிமன்றங்கள் படிக்கின்றன. அறிவை, அதாவது என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது என்பதை, சட்டம் தானாகவே குடித்தவன் தலையில் ஏற்றிவிடுகிறது. நோக்கத்தை அப்படி ஏற்றுவதில்லை. சூழ்நிலைகளைப் பார்த்து, போதையின் அளவையும் பார்த்து, நோக்கம் இருந்ததா என்று கோர்ட்டே ஊகிக்க வேண்டும். நோக்கமே உருவாக முடியாத அளவுக்கு ஒருவன் மூழ்கியிருந்தால், நோக்கம் கட்டாயமாகத் தேவைப்படும் குற்றத்திலிருந்து அவன் தப்பலாம். வெறுமனே கொஞ்சம் ஏறியிருந்தது, அதனால் சட்டென்று கோபம் வந்தது என்றால் தப்ப முடியாது. இந்த வேறுபாட்டை பாஸ்தேவ் வழக்குக்கும் முன்னால் 1920இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை பியர்ட் வழக்கில் சொன்னது. அங்கே அப்புறம் 1976இல் மஜெவ்ஸ்கி வழக்கு வந்தது. மதுவும் மாத்திரையும் கலந்து சாப்பிட்டு, பப்பில் அடிதடி செய்தவர் அவர். சாதாரண அடிதடிக்குப் போதை ஒரு சாக்கே ஆகாது, குறிப்பிட்ட நோக்கம் தேவைப்படும் குற்றங்களுக்கு மட்டும்தான் அதைப் பேசலாம் என்று பிரித்துவிட்டார்கள். எந்தக் குற்றம் எந்தப் பக்கம் என்று அங்கே இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். நம் சட்டத்தில் அந்தக் குழப்பம் குறைவு. ஒரு சொல்லை விட்டதில் வேலை முடிந்துவிட்டது.

பரீட்சைக்கு ஓர் உதாரணம். டாஸ்மாக் வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளில், தன் ஸ்ப்ளெண்டர் என்று நினைத்து இன்னொருவர் ஸ்ப்ளெண்டரில் சாவியைப் போடுகிறான் ஒருவன். பழைய பூட்டு, திறந்துகொள்கிறது. வீட்டுக்கு ஓட்டிப் போய்த் தன் வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுகிறான். திருட்டுக்கு நேர்மையற்ற நோக்கம் வேண்டும். இங்கே போதை அவனுக்கு உதவும். அதே ஆள் அந்த வண்டியை நேராகப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தால்? விடையை நீங்களே எழுதுங்கள்.

(ஸ்ப்ளெண்டர்காரன் குடித்துவிட்டு ஓட்டியதற்குத் தனியாக மாட்டுவான், அதை மறந்துவிடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.)

குடித்துவிட்டு கார் ஓட்டி ஆளைக் கொன்றால் வெறும் விபத்து வழக்குதானே? சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறார்களே?
— ஒரு வாசகி, கோவை

எப்போதும் அப்படியில்லை. மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பர் 12 விடியற்காலை ஒரு கார் நடைபாதையில் ஏறியது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்களில் ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். ஓட்டியவர் ரத்தத்தில் அனுமதித்ததைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு ஆல்கஹால். கீழ்க்கோர்ட் கவனக்குறைவு என்று ஆறு மாதம் கொடுத்தது. பாம்பே ஐகோர்ட் அதை மாற்றி, உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்த செயல் என்று மூன்றாண்டு ஆக்கியது. 2012இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. இந்தத் தண்டனையே குறைவு என்றும் வருத்தப்பட்டது. அரசு மேல்முறையீடு செய்யாததால் கூட்ட முடியவில்லை.

மேலே மாணவருக்குச் சொன்னேனே, அறிவைத் தலையில் ஏற்றுவது என்று, அதன் வேலை இங்கே தெரிகிறது. ஓட்டியவருக்குச் சலுகை வாங்கித் தருவதற்குப் பதிலாக, அந்தப் போதையே வழக்கை ஒரு படி மேலே தூக்கிவிட்டது.

என் அண்ணன் இருபது வருஷக் குடிகாரர். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியதில் ஒருநாள் நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அலறி, அண்ணியைக் கட்டையால் அடித்துவிட்டார். அன்று அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.
— ஒரு தம்பி, விழுப்புரம்

தம்பி, இதை மற்றக் கடிதங்களோடு சேர்க்கக் கூடாது. நீண்டகாலம் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உடம்பு நடுங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு நிலை வரும். டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். உயிருக்கே ஆபத்து, அதனால்தான் ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்தச் சொல்கிறார்கள். சட்டத்தில் இது குடிபோதை இல்லை, குடியால் வந்த நோய். 1881இல் இங்கிலாந்தில், குடியை நிறுத்திய பிறகு இதே நிலையில் மைத்துனியைக் கொல்ல முயன்ற ஒருவரைப் புத்தி பேதலித்தவர் என்ற கணக்கில் சேர்த்தார்கள். அந்த வழக்கின் நீதிபதி யார் தெரியுமா? நம் 1872 சாட்சியச் சட்டத்தை வரைந்த அதே ஸ்டீபன்.

நீங்கள் பார்க்க வேண்டியது 22ஆவது பிரிவு, பழைய 84. மருத்துவச் சான்று இல்லாமல் ஒரு அடி நகராது. அண்ணனை உடனே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை.

குடிபோதையில் மாமனாரிடம் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். செல்லுமா?
— ஒரு மருமகள், தஞ்சாவூர்

நிபந்தனை புரியாத அளவுக்குப் போதையில் இருந்தவர் அந்த நேரத்தில் ஒப்பந்தம் செய்ய முடியாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 12ஆவது பிரிவு இதை உதாரணத்தோடு சொல்கிறது. ஆளை வெட்டினால் உனக்கு எல்லாம் தெரியும் என்கிற சட்டம், நிலத்தை எழுதிக் கொடுத்தால் உனக்கு ஒன்றும் தெரியாது என்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். முதலாவதில் நஷ்டம் அடுத்தவனுக்கு, இரண்டாவதில் அவனுக்கே. சும்மா இருக்காமல் உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். தெளிந்த பிறகும் பேசாமல் அட்வான்ஸை வாங்கிச் செலவழித்தால் வழக்கு பலவீனமாகும்.

போதையில் கூட்டாளிகளிடம் உளறியதைக் கோர்ட்டில் சாட்சியாக எடுத்துக்கொள்வார்களா?
— பெயர் வேண்டாம் என்கிற ஒருவர், ஊரும் வேண்டாமாம்

எடுத்துக்கொள்ளலாம். குடித்திருந்தபோது சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக ஒப்புதல் வாக்குமூலம் தள்ளுபடியாகாது. அதை எவ்வளவு நம்புவது என்பது நீதிபதி பாடு. போலீஸிடம் சொன்னது மட்டும் சாட்சியமாகாது. என்ன உளறினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

குடிக்காதபோது என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். குடித்தால் அடிக்கிறார். காலையில் "எனக்குத் தெரியாதே" என்கிறார். மாமியாரும் என் அம்மாவுமே "குடிச்சிட்டுப் பண்றான், மனசுல வச்சுக்காத" என்கிறார்கள். போலீஸில் சொன்னாலும் இதைத்தான் சொல்வார்களோ என்று பயம்.
— ஒரு வாசகி, தேனி

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

குடித்தால் யாரென்று தெரியாமல் அடிக்கிறவர் தெருவில் போகிறவரையும் அடிக்க வேண்டும், டாஸ்மாக்கில் நிற்கும் வாட்டசாட்டமான ஆளையும் அடிக்க வேண்டும். அவர் யாரையும் தொடாமல் வீடு வரைக்கும் வந்து, கதவைச் சாத்திவிட்டு, உங்களை மட்டும் அடிக்கிறார். சந்திரசேகர ஐயர் பார்வையில் இதைப் பாருங்கள். வீட்டுக்கு வழி தெரிகிறது. கதவைச் சாத்தத் தெரிகிறது. முகத்தில் அடையாளம் விழாமல் முதுகில் அடிப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்ன தெரியவில்லையாம் அவருக்கு?

பழைய சட்டத்தில் குடிபோதைக்கு இருந்த எண்கள் 85, 86. புதிய சட்டத்தில் அதே 85, 86, கணவனும் அவன் வீட்டாரும் மனைவிக்குச் செய்யும் கொடுமை பற்றியவை. தற்செயல்தான். ஆனால் முதல் தடவை புதிய புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். மூன்றாண்டு வரை சிறை உண்டு. வழக்கு வேண்டாம், அடி நின்றால் போதும் என்றால் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், வீட்டில் இருக்கும் உரிமையும் கேட்கலாம். மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181க்கு எந்த நேரமும் போன் போடலாம்.

அடுத்த தடவைக்குக் காத்திருக்காதீர்கள். இப்போது காயம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் எப்படிப் பட்டது என்று கேட்பார். "படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார், எதனால், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்; அவர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பதிவின் நகலை (ஏஆர் காப்பி என்பார்கள்) வீட்டில் வைக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அம்மாவிடம் கொடுப்பதானால், முதலில் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.